எர்கேஷின் முப்பத்தோராவது கடிகாரம்

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்தில் பல் கட்டும் எர்கேஷுக்கு ஊருக்குள் இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே 'தங்கப்பல் எர்கேஷ்', முதுகுக்குப் பின்னால் 'கடிகாரக் கிறுக்கன்'. இரண்டையும் அவர் மறுத்ததில்லை.

அறுபத்தாறு வயதில் அவரிடம் முப்பத்தொரு தங்கக் கைக்கடிகாரங்கள் இருந்தன. எல்லாம் சோவியத் காலத்துச் சரக்கு. எழுபது வயதாகும்வரை ஒன்றைக்கூட விற்பதில்லை என்று சபதம் வேறு. இந்த மாதிரி கடிகாரத்தை இனி யாரும் செய்யப்போவதில்லை, இருப்பதும் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் விலை ஏறியே தீரும் என்பது அவர் கட்சி. மனைவி உம்சுனாய்க்கு அது பிடிபடவே இல்லை.

"ஆடு வாங்கினா குட்டி போடும். இது என்ன போடும்?"

"பொறுத்துப் பாரு, தெரியும்."

"பொறுத்துப் பொறுத்து என் மூட்டு தேஞ்சதுதான் மிச்சம்."

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிகாரங்களைக் குறைத்ததில் எர்கேஷுக்கே நல்ல பங்கு உண்டு. தொண்ணூறுகளில் சம்பளமே ஒழுங்காக வராத நேரத்திலும், கல்யாணப் பெண் சிரித்தால் வாயில் தங்கம் மின்ன வேண்டும். அப்பன்மார் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். எர்கேஷ் உள்ளே இருக்கும் மெஷினைப் பிடுங்கிவிட்டு, வெளிக்கூடான தங்கக் கேஸை உருக்கிப் பல்லாக்கினார். தங்கத்தை உருக்கக் கை கூசவில்லை. மெஷினைத் தூக்கிப்போடத்தான் மனசு வரவில்லை. இது ஏன் நின்றது, எங்கே சிக்கியது என்று மண்டைக்குள் ஒரு குடைச்சல். உடையவர் பெயரைச் சீட்டில் எழுதி, மெஷினை அதில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். ஓய்ந்த நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து ஓட வைத்தும் பார்த்தார்.

பல்வலியோடு வந்த அல்மாத்தி நகரத்து வியாபாரி ஒருவர் அந்த டப்பாவைப் பார்த்து வலியையே மறந்துபோனார். "பைக்கே, என்ன காரியம் பண்ணிட்டீங்க! முழுசா வெச்சிருந்தா இன்னைக்கு நீங்க ராஜா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். மூத்தவர்களை அங்கே 'பைக்கே' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாரமே எர்கேஷ் கடிகாரம் வாங்க ஆரம்பித்தார். பேராசையா, பாவம் கழுவுவதா என்று கேட்டால் பாதிப் பாதி என்பேன்.

முப்பத்தோராவதுதான் அவருக்கு உயிர். சந்தையில் வெறும் தங்கக் கேஸாகக் கிடைத்தது. அதற்கென்றே அளவெடுத்தது போல டப்பாவில் ஒரு மெஷின் இருந்தது. மாட்டினார், ஓடியது. கேஸ் வேறு, மெஷின் வேறு என்று தெரிந்தும் அந்த அல்மாத்திக்காரர் மூன்று முறை விலை கேட்டுவிட்டார்.

போன வசந்தத்தில் சல்தனத் வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர், நாற்பத்தேழு வயது. தங்கப்பல் இப்போது பழைய நாகரிகம், வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினாள்.

"பைக்கே, இந்த நாலு தங்கப்பல்லும் நீங்க கட்டுனது. என் கல்யாணத்துக்கு."

"ஆடுதா?"

"இல்ல. இதைக் கழட்டி, எங்க அத்தாவோட கடிகாரத்தைத் திரும்பப் பண்ணித் தரணும்."

எர்கேஷ் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா தொக்தோசுன், அலாய் மலையில் ஆடு மேய்த்தவர். அதிகக் குட்டிகளைப் பிழைக்க வைத்ததற்கு அரசாங்கப் பரிசாக வந்த கடிகாரம் அது. இப்போது எண்பத்துநாலு வயதில் நாள் முழுக்க இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாராம்.

"ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறாரு. தடவுறாரு, அவ்வளவுதான். எனக்குச் சோறு இறங்கல பைக்கே."

தொக்தோசுன் என்ற பெயரைக் கேட்டதுமே எர்கேஷின் கண் பிஸ்கட் டப்பா பக்கம் போனது. முப்பத்தோராவதுக்குள் ஓடுவது அந்தப் பெயர்ச் சீட்டில் சுற்றியிருந்த மெஷின்தான்.

நாலு பல் தங்கத்தில் கேஸ் வராது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பதினைந்து வருஷமாகக் கடிகாரம் சேர்க்கிறவர், அப்படிச் சேர்த்த எதையும் முன்னே கையில் கட்டியிருந்த ஒரு மனுஷரைக்கூட நேரில் பார்த்ததில்லை. தொக்தோசுனுக்குத் தன் மெஷின் அடையாளம் தெரியுமா? அந்தக் குடைச்சல் விடவில்லை. பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சல்தனத்திடம் சொல்லிவிட்டு, மனசுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டார். கிழவர் தன்னுடையது என்றால் கடிகாரம் அவருக்கு. இல்லையென்றால் தன் சட்டைப்பைக்கு. 'அடையாளம் தெரியக் கூடாது' என்று ஒரு வேண்டுதலும் உள்ளே ஓடியதை மறைப்பானேன்.

மறுநாள் சல்தனத் வீட்டில் எர்கேஷுக்குத் தேநீரும், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் வந்தன. தொக்தோசுன் கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்தார்.

"என்னுது இல்ல" என்றார் கிழவர்.

"நல்லாப் பாருங்க அத்தா!"

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? இது ஓடுது. என்னுது ஓடவே ஓடாது. பரிசு வாங்கின மறுமாசமே நின்னுபோச்சு. ஓடாததைக் கட்டிக்கிட்டு எத்தனை கூட்டத்துல உக்காந்திருக்கேன் தெரியுமா?"

கடிகாரம் எர்கேஷின் கைக்குத் திரும்பிவிட்டது. பேசாமல் எழுந்திருக்கலாம். ஆனால் அவரால் முடியவில்லை.

"ஐயா, மெஷின் உங்களுதுதான். நான் ஓட வெச்சேன்."

கிழவரின் கண் விரிந்தது. "அப்படியா? உள்ள என்ன கோளாறு?"

"ஒரே ஒரு ஆட்டுமயிர். சக்கரத்துல சுத்திக் கிடந்துச்சு."

தொக்தோசுன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சல்தனத் சிரிக்கவில்லை. "அப்போ ஏன் அத்தா கையைத் தடவிக்கிட்டே இருக்கீங்க?"

"குதிரையிலிருந்து விழுந்து ஒடிஞ்ச கை. குளிர் வந்தா குத்துது."

"நான் உங்க கடிகாரத்துக்காக இந்தப் பல்லையெல்லாம் கழட்டப் போனேன்!"

சிரிப்பு பட்டென்று நின்றது. கிழவர் அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"கழட்டவா? ஆடுகளோட மலைமேல இருப்பேன். நீ கீழே முற்றத்துல நின்னு சிரிப்பே. முகம் தெரியாது, பல்லு மட்டும் மின்னும். என் பொண்ணு நல்லாத்தான் இருக்கான்னு திரும்பி நடப்பேன். மணி பாக்குறதுக்கு எனக்குச் சூரியன் இருந்துச்சு."

பிறகு எர்கேஷின் பக்கம் விரலை நீட்டினார். "நீ ஓட வெச்சே, நீயே வெச்சுக்க. அவ வாயில மட்டும் கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

சல்தனத் அழுதுகொண்டே சிரித்தாள். வாயை மறைக்கக் கை எழவில்லை.