பூட்டுலிக் மாமாவின் முதல் வேட்டை

யார் வீட்டுக்குப் போனாலும் பூட்டுலிக் மாமா முதலில் காலணியைக் கழற்ற மாட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு பச்சைக் கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்து, அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்ப்பார். மற்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு சாவு வீட்டிலும் அப்படித்தான் செய்தார். குண்டு பாதிரியாரின் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்து, "எவ்வளவு சாஞ்சிருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

வடதுருவக் கடலோரம் இருக்கும் எங்கள் ஊரில் வீடுகள் இரும்புக் கால்களில் நிற்பவை. காலங்காலமாக உறைந்து கிடந்த அடிமண் இப்போது கோடைதோறும் இளகுகிறது. ஒரு கால் இறங்கினால் வீடு சாயும். அதைத் திருகி நிமிர்த்துவது மாமாவின் வேலை.

அவருக்கு வேட்டைதான் வரவில்லை. படகில் ஏறினால் வாந்தி, கடல்நாயைக் குறிபார்த்தால் தும்மல். எங்கள் மக்களிடையே இது சின்ன விஷயமில்லை. பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவளுக்கு ஒருவன் தன் முதல் வேட்டையைக் கொடுத்தாக வேண்டும். கொடி அறுத்தவளே பிள்ளையின் குணத்தைச் செய்கிறவள் என்பது நம்பிக்கை. மாமாவுக்குக் கொடி அறுத்தவள் ஆலாசி. அவள் அவரை 'நான் செஞ்சவன்' என்பாள். அவர் அவளை 'என்னைச் செஞ்சவ' என்பார். மாமாவுக்கு முன்தலை வழுக்கையான பிறகும் அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை ஊர்ப் பொதுக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டு போனார். ஆலாசி அதை மேசையில் தட்டிப் பார்த்தாள்.

"கல்லாட்டம் இருக்கே. ஜூலை மாசத்துல எந்த ஆத்துலடா புடிச்ச?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக நான் ஊர் திரும்பிய வருடம், வட்டார அரசின் பருவநிலைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. ஊரின் கீழ்வரிசை வீடுகளுக்கு அடியிலுள்ள மண் இனித் தாங்காது என்று அரசு முடிவு செய்திருந்தது. அங்குள்ள வீடுகளை அப்படியே சறுக்குக் கட்டைகளில் ஏற்றி மேட்டுப் பாறைக்கு இழுக்க வேண்டும். இழுவை வண்டி கப்பலில் வந்தது, மாமாதான் ஓட்டுநர். வருடத்தின் கடைசிக் கப்பலில் அது அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும்.

எல்லா வீடுகளும் மேலே போய்விட்டன, ஆலாசியின் வீட்டைத் தவிர. வீடு சாய்ந்துபோய், வசந்தத்திலிருந்தே அவள் கதவு மூடவில்லை. இந்தத் தடவை விட்டால், கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். அவளை வெளியே வரவைப்பது என் பொறுப்பு.

"என் வேட்டையை அவன் கொண்டு வரட்டும் பொண்ணே. எறங்குறேன்."

இளகும் மண்ணைப் பற்றி நான்கு வருடம் படித்திருக்கிறேன். இதற்குப் பதில் எந்தப் பாடத்திலும் இல்லை. அரசாங்கமாகப் பேசுவதா, 'அத்தை' என்று கெஞ்சுவதா? இரண்டையும் செய்தேன், இரண்டையும் மோசமாக. அவள் தேநீர் கொடுத்தாள்.

விடிந்தால் கப்பல் கிளம்பிவிடும் என்ற நிலை. மாமா உள்ளே வந்து குண்டை வைத்தார். அது ஓடி அடுப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அன்று அவர் சிரிக்கவில்லை.

"என்னைச் செஞ்சவளே, நீ எறங்க வேணாம். உக்காந்தே வா. நான் இழுக்குறேன்."

தெற்கிலிருந்து வந்த பொறியாளர் மார்க் தலையில் கைவைத்தார். "காலி வீட்டைத்தான் இழுக்கணும். அதான் விதி."

"சாமானெல்லாம் எடுத்தாச்சு. நான் சாமானா?" என்றாள் ஆலாசி.

மார்க் வானத்தைப் பார்த்தார். பனி வரும் வானம். கடைசியில், நடக்கும் வேகத்தில் போக வேண்டும், அடுப்பு எரியக் கூடாது, அரசு சார்பில் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வீடு நகர்ந்தது. உண்மையில் நகர்ந்தது தேவாலயம்தான் என்று தோன்றியது. ஜன்னலில் அது மெதுவாகப் பின்னால் போயிற்று. ஊரே பக்கத்தில் நடந்து வந்தது. ஆலாசி தொலைபேசியில் உள்ளூர் வானொலியை அழைத்து, நேரடி ஒலிபரப்பில் பேசத் தொடங்கிவிட்டாள்.

"இப்போ கடையைத் தாண்டுறோம். கடைக்காரன் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். பால் வந்துருச்சான்னு அவன்கிட்ட யாராச்சும் கேட்டுச் சொல்லுங்க."

விலா வலிக்கச் சிரித்தேன். மேட்டில் ஏறும்போது வீடு பின்னுக்குச் சாய்ந்தது. அவள் தேநீர்க் கோப்பையைப் பிடித்தாள், நான் அவளைப் பிடித்தேன்.

பாறை மேல் வீட்டை நிறுத்தி, கால்களைத் திருகி முடித்து, மாமா நடுவீட்டில் குண்டை வைத்தார். அது அசையவில்லை. ஆலாசி கதவைச் சாத்தினாள். 'டக்' என்று மூடியது. திறந்து இன்னொரு தடவை சாத்தினாள்.

அப்போது வெளியே கூச்சல். முன்பக்கச் சறுக்குக் கட்டையடியில் ஒரு பனிக்கவுதாரி, இன்னும் சூடு ஆறாமல், கழுத்து முறிந்து கிடந்தது. ஆபத்து வந்தால் அசையாமல் உட்கார்ந்துவிடும் பறவை அது. மாமா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னோட முதல் வேட்டை."

ஆலாசி பறவையைத் தூக்கி எடை பார்த்தாள். "யாரு அடிச்சது?"

"நான்தான். வண்டியை ஓட்டுனவன் நான்தானே?"

"வண்டியா ஏறுச்சு இது மேல?"

மாமா கதவு வழியே சறுக்குக் கட்டையை எட்டிப் பார்த்தார். "வீடு ஏறுச்சு."

"வீடு யாரோடது?"

அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். காகிதப்படி அது வீட்டுவசதித் துறையின் வீடு. அதைச் சொன்னால் கவுதாரி அரசுக்குப் போய்விடும்.

"உங்களோடதுதான் அத்தை," என்றேன்.

"அப்போ என் வீடு புடிச்ச கவுதாரி. வீட்டுக்கு வந்த தெறமை உனக்கு வரலியேடா."

வேகவைத்து ஒரு காலை மாமாவுக்கும் கொடுத்தாள்.

மறுநாள் மாமா வண்டியோடு கப்பலேறினார். துறைமுகம் தாண்டுவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தது பாறை மேலிருந்தே தெரிந்தது. இப்போது மூன்றாவது ஊரில் வீடு இழுக்கிறாராம். பச்சைக் குண்டை ஆலாசியின் நடுவீட்டிலேயே விட்டுப் போய்விட்டார். தரை மட்டம் பார்க்க மாதாமாதம் நான் போகிறேன். கதவைத் திறந்ததும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"ஏதாச்சும் புடிச்சானாமா?"

"இன்னும் இல்ல அத்தை."

"சரி, கதவைச் சாத்திட்டு வா. டீ குடி."