கவிழ்தும்பைக்காரி

"சோறு கண்டதும் கொழுப்பு ஏறிடுச்சா உனக்கு?" என்று செடியைத் திட்டிக்கொண்டே அதன் அடியிலிருந்து எருவைச் சுரண்டி எடுப்பாள். மொட்டைமாடி முழுக்கத் தொட்டிகள், உடைந்த வாளிகள், பெயின்ட் டப்பாக்கள். எல்லாவற்றிலும் கவிழ்தும்பைதான். வெளிர்நீலப் பூ, எந்நேரமும் முகத்தைத் தரைக்குக் காட்டித் தொங்கும். இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். தொட்டுத் தொட்டு அவள் விரல்நுனியும் அப்படியே ஆகிவிட்டது.

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய். பகலில் நாற்றுப்பண்ணையில் ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டும் வேலை. அங்கேயும் வாசலில் ஒரு கவிழ்தும்பைத் தொட்டி வைத்திருக்கிறாள். "இந்தக் களையை எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் தீர்ந்தது.

"நீங்க பொறந்தப்ப உங்க வீட்ல இப்படிக் கேட்டாங்களா?"

தண்டவாளத்தை ஒட்டிய பொட்டலில் தானாக முளைத்துக் கிடந்த செடி அது. அங்கே வண்டி நிறுத்தம் கட்ட மண்வாரி இயந்திரம் வந்த அன்று, அதற்கு முன்னால் ஓடி ஓடிப் பிடுங்கினாள். பிடுங்கியதில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை; ஆணிவேர் அறுந்தால் அவ்வளவுதான். கோணிப்பையில் உதிர்ந்த விதைதான் மிச்சம். அதையும் ரோஜாவைப் போல எருவும் நிழலுமாகச் சீராட்டிப் பாதியை அழுகவிட்டாள். தன்னையே திட்டிக்கொண்டு, மீதிக்கு மணலும் வெயிலும் கொடுத்தாள். மளமளவென்று வந்தது.

கீழே தையல்கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், ஒருவருக்குத் தோள் அளவு எடுத்து முடிப்பதற்குள் தங்கையின் பெருமையைச் சொல்லி முடித்துவிடுவார். வீட்டுக்காரர் மாடியைக் காலி செய்யச் சொன்னபோது, பூங்கா மேற்பார்வையாளரிடம் நடையாய் நடந்து, செடிகளை வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான். பிடித்திருந்தால் பூங்காவில் ஒரு பாத்தி. இல்லையென்றால் எல்லாம் குப்பை வண்டிக்கு.

மேற்பார்வையாளர் வரும் நாளன்று அண்ணன் விடியலிலேயே மாடி ஏறினார். தங்கையின் செடி அடுத்தவர் முன்னால் தலை தொங்கி நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. காம்புக்குக் காம்பு ஈர்க்குச்சி ஊன்றி, பூவின் நிறத்துக்கே பொருந்திய நீல நூலால், முடிச்சு வெளியே தெரியாமல் ஒவ்வொரு பூவையும் நிமிர்த்திக் கட்டினார்.

மிளகாய் வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணா இது? பூவுக்குக் காலர் வச்சித் தச்சிருக்கியா?"

"தொங்குதேன்னு…"

"கவிழ்தும்பைன்னா கவிழ்ந்துதான் இருக்கும்! மழை வந்தா பூவுக்குள்ள தண்ணி நிக்கும், அழுகிப்போகும். அப்புறம் விதை உன் கடையிலயா முளைக்கும்?"

அவர் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த நூல்வெட்டியைப் பிடுங்கி, நறுக் நறுக்கென்று வெட்ட ஆரம்பித்தாள். பூக்கள் ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்தன.

பாதி வெட்டுவதற்குள் மேற்பார்வையாளர் படியேறி வந்துவிட்டார். கஞ்சி போட்ட சட்டை. கட்டு அவிழாத வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இது நல்லாருக்கே! நிமிர்ந்து நிக்குது. அதெல்லாம் வாடிப்போச்சு போல. இந்த மாதிரியே இருந்தா பாத்தி தந்துடலாம்மா."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

அவள் காது மடல் சிவந்தது. அதிகாரியின் கண்முன்னாலேயே கடைசி வரிசை நூல்களை வெட்டித் தள்ளினாள். நீலப் பூக்கள் மொத்தமும் தரையைப் பார்த்துத் தொங்கின.

"என்னம்மா பண்றீங்க? மூஞ்சியே தெரியல!"

மிளகாய் நூல்வெட்டியை அண்ணன் கையில் திணித்தாள். தொட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பிறகு கையை உயர்த்தி, அந்தக் கஞ்சி போட்ட சட்டையின் கைப்பட்டையைப் பிடித்து, பூவின் முகம் தெரியும் உயரத்துக்கு அவரைக் கீழே இழுத்தாள்.