பாயிண்ட் ஒன்று தள்ளி

என் தொழிலில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. இனிமேல் சொல்லப்போகும் விஷயத்துக்குத்தான் கூச்சம். நரம்பே தெரியாத கையிலும் முதல் குத்திலேயே ரத்தம் எடுத்துவிடுவேன். கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி சிதம்பரம் போய், ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப்பில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். இந்த வேலைக்கு என்னைத் தயார் செய்தது டிப்ளமோ என்று சர்டிபிகேட் சொல்கிறது. உண்மையில் தயார் செய்தது, நான் கடலூரில் பன்னிரண்டாவது படித்த பள்ளியின் கெமிஸ்ட்ரி லேப்.

அங்கே நாற்பது பேருக்கு ஆறு ப்யூரெட். அதில் இரண்டு ஒழுகும். அந்த நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து ஊதா நிறத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட வேண்டும். வெளிறிய ரோஸ் நிறம் வந்து நின்றதும் நிறுத்தி, எத்தனை மில்லி இறங்கியது என்று எழுத வேண்டும். அதுதான் ரீடிங்; இந்தச் சோதனைக்குப் பெயர் டைட்ரேஷன். இதை மூன்று முறை செய்ய வேண்டும். எங்களுக்கு ஒரு முறை செய்வதற்கே பெல் அடித்துவிடும். விடை என்னவோ போன வருட அக்காக்களின் ரெக்கார்டு நோட்டில் இருந்தது. பிறகென்ன, விடையில் தொடங்கிப் பின்னோக்கி நடந்து ரீடிங்குக்கு வந்து சேருவோம்.

ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கும்போது ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம். “ரீடிங் வந்துச்சா, நீயா போட்டியா?”

“போட்டேன்டி.”

“வந்துச்சு” என்று எவளாவது சொன்னால் அவளைப் பார்த்துச் சிரிப்போம்.

கெமிஸ்ட்ரி சாருக்கும் தெரியும். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்பது பேரும் பாஸாக வேண்டும், ஆனால் கையில் இருப்பது ஆறு ப்யூரெட். ஒரு நாள் என் நோட்டைப் பார்த்துவிட்டு, அதாலேயே என் தலையில் தட்டினார்.

“என்னா பொண்ணே, மூணு ரீடிங்கும் ஒண்ணாவே போட்டு வச்சிருக்க? எக்ஸ்டர்னல் பாத்தா சிரிக்க மாட்டாரு? ஒண்ணுல பாயிண்ட் ஒண்ணு தள்ளிப் போடு. அப்பத்தான் செஞ்ச மாதிரி இருக்கும்.”

அழித்துவிட்டு 20.1, 20.2, 20.1 என்று போட்டேன். பிராக்டிகலில் முழு மார்க். அந்த வருடம் படித்த மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. இது மட்டும் கையோடு தங்கிவிட்டது.

சிதம்பரம் லேப்பில் தினமும் காலையில் முதல் வேலை மெஷினைச் சோதிப்பது. அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு திரவத்தை ஓட்டி, அதே அளவு வருகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் ஓட்டினேன். அப்புறம் பஸ் லேட்டான நாட்களில் ஓட்டாமலே எழுதினேன். நேற்று எழுதியதற்குப் பாயிண்ட் ஒன்று தள்ளி. எவரும் கேட்கவில்லை. அப்புறம் மாதாமாதம் வருகிறவர்களின் ரிப்போர்ட்டிலும், டெஸ்ட்டுக்கு ரத்தத்தோடு கலக்கும் ரீஏஜென்ட் தீர்ந்துபோன அவசரத்துக்கு, போன மாத அளவைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். எத்தனை முறை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கணக்கு வைத்துக்கொண்டா இதையெல்லாம் செய்வார்கள்.

சார் ஒரு நாள் காலை அந்த லேப்புக்குள் வந்தார். ரிடையர் ஆகி, சிதம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்னை அடையாளம் கண்டதும் வலியெல்லாம் போய்விட்டது போல முகம் மலர்ந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்களிடம், “நம்ம ஸ்டூடன்ட்டுங்க. டைட்ரேஷன்ல முழு மார்க் எடுத்த பொண்ணு. தைரியமா கை நீட்டலாம்” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

அவருக்குப் பார்க்க வேண்டியது கிரியாட்டினின். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவு அது, ஏறினால் ஆபத்து. மூட்டு வலிக்கு அவர் சாப்பிட்ட மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அளவு ஏறாமல் இருந்தால் மாத்திரையை வேளைக்கு ஒன்றாகக் கூட்டலாம், ஏறியிருந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “இன்னைக்கே வேணும்மா. சாயங்காலம் டாக்டரப் பாக்கணும். வலி ரொம்ப ஜாஸ்தியா இருக்கு” என்றார்.

அந்த டெஸ்ட்டுக்கான ரீஏஜென்ட் முந்தின நாளே தீர்ந்திருந்தது. புதுசு மறுநாள் பாண்டிச்சேரியிலிருந்து வர வேண்டும். நாளைக்கு வாங்க சார் என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சில் அத்தனை பேர் முன்னால் என்னைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம் எனக்கு அது வாயில் வரவில்லை. கம்ப்யூட்டரில் அவர் பெயரில் இருந்த போன மாத ரிப்போர்ட்டை எடுத்தேன். 1.3 என்றிருந்தது. 1.4 போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் ரீஏஜென்ட் வந்தது. அவர் ரத்தம் இருந்த குழாய் ஃப்ரிட்ஜில் அப்படியே இருந்தது. மனசு கேட்காமல் எடுத்து ஓட்டினேன். 2.9. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். 2.9. மூன்றாவது முறை 2.8. வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு டெஸ்ட்டை மூன்று தரம் செய்திருந்தேன், ஒன்றில் பாயிண்ட் ஒன்று தானாகவே தள்ளி வந்திருந்தது.

ஓனரிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. “சாம்பிள் கெட்டுப்போச்சு, திரும்பக் குடுங்கன்னு சொல்லி எடுத்துட்டு வாம்மா. நேத்து ரிப்போர்ட்டப் பத்தி வாயத் தொறக்காத” என்றார். அது நல்ல யோசனையாகவே பட்டது. சாருக்கும் உண்மையான அளவு கிடைத்துவிடும், எனக்கும் வேலை இருக்கும். ஊசியையும் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு வடக்கு வீதிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சார் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புது மாத்திரை அட்டை. இரண்டு குழி காலியாக இருந்தது. நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

சட்டைக் கையை மடிக்கப் போனவர் நிறுத்தினார். “சாம்பிள் கெட்டுப்போச்சுன்னா, நேத்து 1.4 எப்டிம்மா வந்துச்சு?”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“வந்துச்சா?”

“போட்டேன் சார்.”

“பாயிண்ட் ஒண்ணு தள்ளியா?” என்று கேட்டார். தலையாட்டினேன். உண்மையான அளவைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். மாத்திரை அட்டையை எடுத்து மேஜையின் மறு கோடிக்குத் தள்ளி வைத்தார். பிறகு, கணக்கில் அடுத்த வரியைக் கேட்பவர் போலக் கேட்டார்.

“அப்போ போன மாசத்து 1.3?”

போன மாதம் லேப்பிலிருந்து வேறொருவர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்திருந்தார். குழாயில் இருந்த பெயர் எங்கள் சாருடையது என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. டெஸ்ட் என் பொறுப்பு; ரிப்போர்ட்டின் அடியில் என் கையெழுத்து. அன்று ஓட்டினேனா, போட்டேனா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. அந்த ரிப்போர்ட்டை நம்பி அவர் ஒரு மாதம் முழுக்க மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்.

“தெரியல சார்” என்றேன். அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். என் கை அன்று இரண்டு தரம் தவறியது.

அவர் புகார் செய்யவில்லை. அவர் மகள் ஓனருக்குப் போன் செய்தார். ஓனர் அன்றைக்கே என்னை நிறுத்திவிட்டார். இப்போது கடலூரில் வேறொரு லேப்பில் இருக்கிறேன். ஏன் பழைய இடத்திலிருந்து வந்தேன் என்று இங்கே கேட்டபோது உண்மையைச் சொன்னேன். ஆள் கிடைக்காத காலம், சேர்த்துக்கொண்டார்கள். காலையில் மெஷினை ஓட்டாமல் நான் ஒரு எண் எழுதுவதில்லை. பஸ் லேட்டானாலும், ஆட்கள் வாசலில் நின்று கத்தினாலும்.

சார் மாதம் ஒரு முறை சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் என்னிடம் வருகிறார். மாத்திரை இல்லாத முழங்காலோடு, கம்பு ஊன்றிக்கொண்டு. அங்கேயே எத்தனையோ லேப் இருக்கிறது, வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்பதில்லை. அளவு 2.6-க்குக் கீழே இதுவரை இறங்கவில்லை. ரிப்போர்ட்டைக் கொடுத்தால் பேப்பரைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்க்கிறார்.

“வந்துச்சாம்மா?”

“வந்துச்சு சார்.”

சரி என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். அந்த 1.3-ஐப் பற்றி அவர் மறுபடி கேட்டதே இல்லை. கேட்டாலும் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.