முனை தேய்ந்த செருப்பு

சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்கால மதியம், கரியாலூரிலிருந்து மலைச்சாலையில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். மரவள்ளி மூட்டை ஏற்றும் வேலையிலிருந்து அன்று காலைதான் அனுப்பிவிட்டார்கள். மூட்டையோடு கால் தடுக்கி விழுந்தேன். மேஸ்திரி, “காலையிலயே ஊத்திகினு வந்துட்டான்” என்றார். எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் அப்பாவையும் ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். அவர் தள்ளாடுவதைப் பார்த்து நானும் நம்பியிருந்தேன்.

வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். உள்ளே கூப்பிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் குந்தி உட்கார்ந்து என் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்னுதுதாம்மா. யாருதையும் எடுத்துகினு வரல.”

சிரித்தார். அவர் டாக்டர். பரம்பரையாக வரும் நரம்பு, தசை நோய்களை ஆராய்ச்சி செய்கிறவர். பாதி நாள் ஆய்வுக்கூடம், பாதி நாள் இப்படி மலை ஊர்கள். நோயைப் பற்றிக் கேட்டால், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து ஜனங்கள் மறைத்துவிடுகிறார்களாம். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் செருப்புகளைத்தான் பார்ப்பாராம். நரம்பு நோயால் பாதம் தொங்குகிறவர்களுக்குச் செருப்பு முனை தரையில் உரசிச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

என்னைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். முடியவில்லை.

“உங்க அப்பாவும் இப்படித்தான் காலைத் தூக்கித் தூக்கி வெச்சு நடப்பாருங்களா?”

“அவரு குடிகாரரும்மா.”

“குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?”

யோசித்தேன். ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

மருந்து உண்டா என்று கேட்டேன்.

“இன்னைக்கு இல்லீங்க. என் காலத்துல வருமான்னும் தெரியாது. உங்களுக்கு இதுதானான்னு ரத்தம் பாத்தாத்தான் உறுதி” என்றார். கையை நீட்டினேன்.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சியில் ஒரு வெங்காய மண்டியில் வேலை கேட்டுப் போனேன். முதலாளி என் நடையைப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, இப்பவே போட்டுகினு வந்துட்டியா?” என்றார்.

“இல்லீங்க, கால் நரம்புல நோவு. எங்கப்பாவுக்கும் அதான், அவரும் குடிச்சதில்ல” என்றேன்.

உட்கார்ந்தபடியே வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை கொடுத்தார். மருந்து இன்னும் வரவில்லை, அதற்குப் பிறகு எத்தனையோ வேலை மாறிவிட்டேன். ஆனால் அப்பா குடித்ததில்லை என்று நான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னது அந்த மண்டி வாசலில்தான்.