‘செட்டை’ எழுதிய அன்ரன் அண்ணா

“உங்கட மகன்ர சிவப்புப் பிளேனும் அந்த விளையாட்டில செய்ததுதான், சேர்.”

இதை நேற்று நான் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில், அன்ரன் அண்ணாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கள் மனேஜர் யாருக்கோ, “நல்ல பெடியன்... ஆனா அந்த விளையாட்டு தேவையில்லாதது” என்றார். அண்ணாவின் மனைவி செல்வி அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். செத்த வீட்டில் சத்தம் வேண்டாம் என்ற பிடி.

அன்ரன் அண்ணா செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். அவரோடு பம்பலப்பிட்டி ஆபீஸில் வேலை செய்த பலருக்கு இன்னும் தெரியாது. அதனால் எழுதுகிறேன். இது நண்பர்களுக்கு மட்டும். தயவுசெய்து ஷெயார் பண்ண வேண்டாம்.

எனக்கு அடுத்த மேசை அவருடையது. பகல் முழுக்கக் கம்பனிகளுக்குச் சம்பள சாப்ட்வேர். லஞ்ச் நேரத்தில் ‘செட்டை’.

மாதிரி விமானங்களுக்கு இறக்கை வடிவமைக்க அவர் தானே எழுதிய புரோகிராம் அது. இறக்கை எவ்வளவு நீளம், உடம்போடு ஒட்டுகிற இடத்தில் எவ்வளவு அகலம், நுனியில் எவ்வளவு என்று கொடுத்தால், இரண்டு முனைகளின் வடிவத்தையும் அசல் அளவில் பிரின்ட் எடுத்துத் தரும். அதை மட்டையில் வெட்டி, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக் கட்டியின் இரண்டு பக்கமும் ஒட்டி, சூடான கம்பியை விளிம்போடு இழுத்தால் இறக்கை.

இஞ்சின் கிடையாது. ரிமோட் கிடையாது. கையால் எறிகிற பிளேன். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்...

முதலில் வெட்டிய இறக்கைகள் எல்லாம் மெலிந்துபோய் வந்தன. சூட்டுக் கம்பி போகிற வழியில் கொஞ்சம் ரெஜிபோமை உருக்கிவிடும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு புரோகிராமில் ஒரு புதுக் கட்டம் வந்தது. ‘கம்பி தின்பது – மில்லிமீற்றரில்’.

கொஞ்சம் மரியாதையான சொல்லாகப் போடுங்கோவன் என்றேன். “கம்பி தின்னுதுதானே. அதை வேற எப்பிடிச் சொல்லுறது, விசரி?” என்றார்.

பிழை பிடிப்பது என் வேலை. வேண்டுமென்றே நுனியை அடியைவிட அகலமாகக் கொடுத்தேன். செட்டை மறுப்புச் சொல்லாமல் வரைந்து தந்தது. அவர் அதையும் வெட்டி ஒட்டி, ஒரு ஞாயிறு வெள்ளவத்தைக் கடற்கரையில் எறிந்தார். நேராக மூக்கால் மணலுக்குள். ஒரு கிழமை முழுக்க ஆபீஸில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என் டிசைனைப் பற்றித்தான் கதை.

அந்த ஞாயிறு மனேஜரும் மகனோடு வந்திருந்தார். பிள்ளைக்கென்று அண்ணா சிவப்புப் பூசிய பிளேன் ஒன்று செய்து கொண்டுவந்திருந்தார். மனேஜர் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டு, தானும் எறிந்தார். மகனிடம் கொடுக்காமல், திரும்பத் திரும்ப.

பிறகு வடக்கில் இருந்து இயக்கத்தின் குண்டு போடுகிற பிளேன்கள் கொழும்புக்கும் வரத் தொடங்கின. பிளேன் என்ற சொல்லையே நாங்கள் பஸ்ஸில் மெதுவாகச் சொன்ன காலம்.

அப்போது ஒரு காலை கொட்டாஞ்சேனையில் ரவுண்டப், பொலிஸ் வளைத்து வீடு வீடாகத் தேடுவது. நமக்குத் தெரியும்... ஒரு தெருவில் ட்ரக் நின்றதும் அடுத்த தெருவுக்கு ஃபோன் வரும். வீட்டுக்கு வீடு சாமான் ஒளியும். பற்றரி, வயர், மேப், எது கையில் படுகிறதோ அது. அண்ணா குளித்துக்கொண்டிருந்தார். செல்வி அக்கா செட்டை இருந்த சீடியையும் பிரின்ட் தாள்களையும் அரிசி வாளிக்குள் புதைத்தார்.

மேசையில் கிடந்திருந்தால் விளையாட்டுச் சாமான். சுவரில் தொங்கிய ரெஜிபோம் பிளேனைப் பார்த்து ஒரு பொலிஸ்காரர் சிரித்தாராம். அரிசிக்குள் இருந்து தாள்கள் வந்ததும் சிரிப்பு நின்றது.

ஏன் ஒளித்தாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். பயத்தில் என்று அக்கா சொன்னார். எதற்குப் பயம் என்றார்கள்.

எதற்குப் பயமாம்.

அண்ணாவை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். கூட இருந்து செய்தவள் நான், இது பொழுதுபோக்கு என்று சொன்னேன். என் அடையாள அட்டையைப் புரட்டினார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். திருப்பித் தந்தார்கள். ஆபீஸில் பொறுப்பான ஆள் யாராவது வந்து சொல்லட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

மனேஜர் கொழும்பில் பிறந்த தமிழர். சிங்களம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. செல்வி அக்காவும் நானும் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றோம்.

“ஒருக்கா வந்து சொன்னாக் காணும், சேர். நீங்களும் எறிஞ்சனீங்கள்தானே” என்றார் அக்கா.

“நானும் எறிஞ்சனான் எண்டு அங்க போய்ச் சொல்லவோ? எனக்கும் பிள்ளையள் இருக்கு, தங்கச்சி.”

அன்றே என் கதிரையில் உட்கார்ந்து, என் கம்பியூட்டரில் இருந்த செட்டையை அழித்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். அவ்வளவு கவனம்.

பயம் எனக்குத் தெரியாததில்லை. நானும் அதே கொழும்புத் தெருக்களில்தான் நடக்கிறேன். பயந்தவர் பயந்ததோடு இருந்திருக்கலாம். செத்த வீட்டுக்கு வந்து செத்தவர் மேல் பிழை சொல்ல எப்படி வாய் வந்தது?

மழைக்காலம் முழுக்க அண்ணாவை வைத்திருந்தார்கள். வழக்கு எதுவும் போடாமலே விட்டார்கள். ஆபீஸில் அவர் மேசையில் வேறு ஆள். ஏற்கெனவே மூச்சிழுப்புக்காரர், சிமெந்துத் தரையில் படுத்து நெஞ்சு பழுதாகி வந்தார். பிறகு அது சுகமாகவே இல்லை.

கடைசியாகப் பார்த்தபோது செட்டையைத் திருப்பி எழுதுவோம் என்றேன். “கணக்கெல்லாம் தலைக்குள்ளதான் கிடக்கு. நான் சொல்லுறன், நீ ரைப் பண்ணு” என்றார். அதைச் சொல்லி முடிக்கவே இடையில் மூச்சு வாங்கினார்... நாங்கள் தொடங்கவில்லை.

போய் வாங்கோ, அன்ரன் அண்ணா.

நேற்றுப் பின்னேரம் பெட்டி எடுக்கும்போது, ஆபீஸ் பெயர் போட்ட மலர்வளையத்தை மனேஜர் தூக்கிக்கொண்டு வந்தார். செல்வி அக்கா இரண்டு கையாலும் அதை வாங்கி, வாசல் மதிலோடு சாத்தி வைத்தார். அது இல்லாமல்தான் மாதம்பிட்டி மயானத்துக்குப் போனோம்.