ரிமூவ் பண்ணணும்க்கா

'ரிமூவ்' என்ற ஆங்கிலச் சொல்லை எனக்கு முதலில் காட்டியது பள்ளிக்கூடம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த எங்களை நேராக மலாய் இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவத்தில் சேர்க்கவில்லை. மலாய் போதாது என்று ஒரு வருடம் தனி வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பெயரே ரிமூவ் கிளாஸ். எங்களிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று கேட்டால், ஒரு வருடத்தை எடுத்தார்கள், வேறென்ன!

அதன்பிறகு அந்தச் சொல் என்னை விட்டபாடில்லை. நகச்சாயம் அழிக்கிற தண்ணிக்கு ரிமூவர் என்று பெயர். கோயில் வாட்ஸ்அப் குழுவில், அன்னதானச் சாம்பாரில் ஏன் உப்பே இல்லை என்று கேட்டேன். குழுவிலிருந்து ரிமூவ் செய்துவிட்டார்கள். மறுநாள் எங்கள் ஊர் கரங்கான் பாசாரில் மீன் வாங்கப் போனால், நாலு பேர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்கள். "என்னக்கா, உங்கள ரிமூவ் பண்ணிட்டாங்களாமே?" உப்பு இல்லாத சாம்பாரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் சும்மா. அந்தச் சொல் என் கழுத்துக்கே வந்தது கூலிம் ஹைடெக் பூங்காவில்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் அங்கே ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தூசியே இருக்கக் கூடாத அறை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். பயிற்சி கொடுத்தவள் தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவள். வளையல் ரிமூவ், மோதிரம் ரிமூவ், பொட்டு ரிமூவ், பவுடர் ரிமூவ் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தவள் என் கழுத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அதையும் ரிமூவ் பண்ணணும்க்கா."

"இது தாலிம்மா."

"தெரியும்க்கா. என்னோடதும் லாக்கர்லதான் கெடக்கு. மஞ்சள் உதிருதுலா, என்ன செய்றது?"

ஒரு துளி மஞ்சள் தூளுக்கு அவ்வளவு பெரிய தொழிற்சாலை நடுங்குகிறது! நானும் கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

அன்று சாயங்காலம் மாமியார் என்னை வாசலிலேயே மறித்தார். "அங்க கழுத்துல கைய வைக்கச் சொல்லுவாங்களாமே? வச்சிராத. எம் புள்ள உசுரு அதுலதான் இருக்கு."

"வெள்ளச் சட்டைக்குள்ள பத்திரமா இருக்கும் மாமி" என்றேன். கண் சிமிட்டாமல் பொய் சொல்ல அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப தினமும் பன்னெண்டு மணி நேரம் நான் பேச்சுலர்!"

அப்படியே பத்தொன்பது வருடம். காலையில் கழற்றி, கண்ணில் ஒற்றி, இருமல் மிட்டாய் டப்பாவில் வைத்துப் பூட்டுவேன். சாயங்காலம் பஸ் ஏறுமுன் மாட்டிக்கொள்வேன். பயம் இல்லையா என்றால், இருந்தது. மழை கொட்டுகிற நாளில் மைக்ராஸ்கோப்பில் கண் இருக்கும், மனசு அவர் லாரி ஓடும் செர்டாங் ரோட்டில் இருக்கும். தேநீர் நேரத்தில் ஓடிவந்து போன் போடுவேன். "சாப்டீங்களா?" என்றால், எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "உசுரோடதான் இருக்கேன், போயி வேலையப் பாரு" என்பார்.

போன வருடம் ஒரு நாள், தேநீர் நேரத்துக்கு முன்பே என்னை வெளியே கூப்பிட்டார்கள். எண்ணெய் ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நின்றிருக்கின்றன. வீட்டுக்காரர் லாரி மட்டும் நகரவில்லை. பின்னால் நின்றவர் ஹார்ன் அடித்துப் பார்த்து, இறங்கிப் போய்க் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தார்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவள் இப்போது சூப்பர்வைசர். அவள்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். பாதி வழியில் என் கை கழுத்துக்குப் போனது. கழுத்து வெறுமையாக இருந்தது. காரைத் திருப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றும் மறுநாளும் துண்டைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தியபடியே உட்கார்ந்திருந்தேன். அழுதேனா, ஒளித்தேனா, எனக்கே தெரியாது. எங்கள் பக்கம், பிணம் எடுக்குமுன்பே பெண்டாட்டியின் தாலியை இறக்கிவிடுவார்கள். நாத்தனார் ஒப்பாரி வைத்துக்கொண்டே வந்து துண்டை விலக்கினார். ஒப்பாரி பாதியில் நின்றது.

"எங்கடி?"

"லாக்கர்ல."

"பேங்க்லயா?" என்று எவளோ ஒருத்தி கேட்டாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"கம்பெனில."

வீடு கொதித்தது. புருஷன் போகிற நேரத்தில் கழுத்தில் இல்லையா, அதான் போய்ட்டான், பாவி, இப்படி என்னென்னவோ. நான் மாமியாரைப் பார்த்தேன். மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்காகத்தான் பத்தொன்பது வருடமாகப் பயந்தேன்.

"வாய மூடுங்கடி" என்றார். "எனக்குத் தெரியும். வருசா வருசம் ஆடிப் பதினெட்டுக்கு இவளுக்குச் சரடு மாத்துறவ நானு. ஒரு வருசம் வேர்வையில கெடந்த சரடு அவ்வளவு புதுசாவா இருக்கும்?" பிறகு மகனின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். "தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன். எம் புள்ளைக்கு நேரம் வந்திருச்சு, போய்ட்டான். இவள ஒண்ணும் சொல்லாதீங்க."

அதற்கப்புறம்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். டப்பாவைத் திறந்தால், நான் வைத்தபடியே சுருண்டு கிடந்தது. எடுத்துக் கழுத்தில் மாட்டி, கண்ணாடி முன் நின்றேன். எதிர்ச் சுவரில் அதே அறிவிப்பு, எல்லாவற்றையும் ரிமூவ் செய்யச் சொல்லி. சூப்பர்வைசர் உள்ளே வந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். வழக்கமான வாசகம் அவள் வாய்வரை வந்தது தெரிந்தது.

"தாப்பாலா அக்கா, பரவால்ல, மெதுவா வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வேலை தொடங்கும் மணி அடித்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, சாயங்காலம் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இல்லாமல், நானே கழற்றினேன்.