ஆலை வாயிலில் ஒப்பித்த பாடம்

திருநாராயணன் திருவடிகளே தஞ்சம். தை மாதத்து வளர்பிறை ஏகாதசி, வியாழக்கிழமை.

மைசூரில் புதிதாக எழுந்துள்ள பட்டாலையின் வாயிலில் என் ஜட்கா நிற்கிறது. குதிரை தண்ணீர் குடிக்கிறது. உள்ளே இயந்திரங்களும் சீமையிலிருந்து வந்தவை, ஓட்டுவோரும் சீமையிலிருந்து வந்தவர்கள். வெளியே, வேலை மறுக்கப்பட்ட வாலிப மகனோடு கொள்ளேகால் உழவர் ஒருவர் நிற்கிறார்.

"ஏழு வருசம் பள்ளிக்கூடம் போனவனுங்க சாமி. படிக்கத் தெரியலைன்னு தொரத்திப்போட்டாங்க. நீங்களே கேளுங்க!"

மகன் கண்மூடிப் பாடநூலை முதலிலிருந்து ஒப்பிக்கிறான். ஓர் எழுத்தும் பிசகவில்லை. என் பையிலுள்ள தமிழ்ச் செய்தித்தாளை நீட்டுகிறேன். உதடுகள் அசைகின்றன; ஒரு சொல்லும் வரவில்லை.

"பள்ளிக்கூடத்துல இருக்கறதே ஒத்தைப் பொஸ்தகந்தானுங்க. இந்தப் பேப்பரு அந்தப் பொஸ்தகம் இல்லீங்களே!" என்று தந்தை பதறுகிறார்.

பாசுரங்களை நாள்தோறும் மனப்பாடமாக ஓதும் என்னால் அவனை இகழ இயலவில்லை. ஆயினும் இத்தகைய பள்ளிகளை வைத்துக்கொண்டு எத்தனை ஆலை எழுப்பினும், சமஸ்தானத்தின் செல்வம் பிறர் கையால்தான் விளையும். நம் மக்கள் வாயிலில்தான் நிற்பார்கள்.

"இன்னும் ரெண்டு வருசம் அங்கயே படிக்க வெச்சாச் சரியாயிடுங்களா சாமி?"

வண்டி ஏறுகிறேன்.

இதனை எழுத்துக்கூட்டியேனும் வாசிப்போர் அனைவரும், அவர்தம் மக்களும், எம்பெருமான் அருளால் வாழ்க.